அல்பாக்காவோடு ஒரு நடை: வாசகர் கேள்வி – பதில்

பிரிட்டன் கிராமப்புறப் பண்ணைகளில், தென் அமெரிக்க விலங்கான அல்பாக்காவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, வழிகாட்டியுடன் வயலோரமாக ஒன்று, ஒன்றரை மணி நேரம் நடந்து வரலாம். அதைப் பற்றி அங்கே வசிக்கும் வாசகர்கள் கேட்டிருந்தவற்றுக்கு இந்த இதழில் பதில்.

ஆறு வயதுப் பேரனை அதன் மேல் உட்கார வைக்கலாமா? – வாசகி, ஈஸ்ட் ஹாம்

கூடாது. ஒட்டகத்தின் உறவுதான் என்றாலும் தோள் உயரம் சுமார் மூன்றடி, எடை பெரும்பாலும் 50 முதல் 80 கிலோதான். ஆண்டீஸ் மலையில் சுமை தூக்க அதன் பெரிய உறவான லாமா இருக்கிறது. அல்பாக்காவை ரோமத்துக்காகவே வளர்த்தார்கள். பேரன் கயிற்றைப் பிடிக்கலாம், அதே கயிற்றில் உங்கள் கையும் இருக்க வேண்டும். குறைந்தபட்ச வயது பண்ணைக்குப் பண்ணை மாறும் என்பதால் முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

போன முறை என்னிடம் தந்த அல்பாக்கா பாதி வழியில் நின்றுவிட்டது. இழுத்தேன், படுத்துக்கொண்டது. எங்கே தப்பு? – வாசகர், ஹாரோ

இழுத்ததில்தான். ஆட்டையும் மாட்டையும் இழுத்துப் பழகிய கை நமக்கு. அல்பாக்காவோ, கயிறு இறுகினால் காலை ஊன்றிக்கொள்ளும், அல்லது மடக்கிப் படுத்துவிடும்.

அது நின்றதும் முதலில் காதைப் பாருங்கள். இரண்டும் முன்னோக்கி விறைத்திருந்தால் தூரத்தில் எதையோ கவனிக்கிறது: ஒரு நாய், சைக்கிள், காற்றில் படபடக்கும் பிளாஸ்டிக் பை. அரை நிமிடம் பார்க்க விடுங்கள், தானே நகரும். தலை குனிந்திருந்தால் புல். அப்போது கயிற்றை மேலே தூக்காமல், பக்கவாட்டில் ஓரடி எடுத்துவைத்துத் திருப்பினால் வந்துவிடும். ஒரு புழுக்கைக் குவியலருகே நின்றால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. மந்தை முழுவதும் ஒரே இடத்தில் புழுக்கை போடும் வழக்கம் அதற்கு; ஒன்று தொடங்கினால் மற்றவையும் வரிசையில் நிற்கும்.

நடக்கும்போது அதன் கழுத்துக்கு இணையாக, ஒரு கை தள்ளி இருங்கள். முன்னால் போய்த் திரும்பி முகத்தைப் பார்த்தீர்களானால், வழியை மறிக்கிறீர்கள் என்றே அது நினைக்கும். தலைக்கும் உங்கள் கைக்கும் நடுவே கயிறு சற்றே தொய்ந்திருக்கட்டும். மிச்சக் கயிற்றை மடித்து உள்ளங்கையில் பிடியுங்கள். மணிக்கட்டில் சுற்றவே கூடாது. மிரண்டு ஓடினால் 70 கிலோவும் உங்கள் விரல்களில்தான் இறங்கும்.

இன்னொன்று, தலைக்கயிறு. இது நம்மூர் மூக்கணாங்கயிறு மாதிரி மூக்கைத் துளைப்பதில்லை. முகத்தைச் சுற்றி வரும் பட்டை. அல்பாக்காவின் மூக்கெலும்பு குட்டையானது, அதற்குக் கீழே வெறும் குருத்தெலும்பு. பட்டை கண்ணுக்குச் சற்றுக் கீழே, எலும்பின் மேல் இருக்க வேண்டும். கீழே சரிந்தால் மூச்சு அடைக்கும். அது பெரும்பாலும் மூக்கால்தான் சுவாசிக்கிறது. காரணமில்லாமல் தலையை உதறுகிற அல்பாக்காவுக்குப் பல நேரம் இதுதான் தொல்லை. நீங்கள் சரிசெய்ய முயலாமல் வழிகாட்டியைக் கூப்பிடுங்கள்.

வழிகாட்டி வரிசையை மாற்றவே விடவில்லை. நண்பர் பக்கத்தில் நடந்தால் என்ன? – வாசகி, குரோய்டன்

வரிசை உங்களுக்காக அல்ல, அவற்றுக்காக. யார் முன்னால், யார் யாருக்குப் பின்னால் என்பது மந்தைக்குள் ஏற்கெனவே முடிவாகிவிட்ட விஷயம். ஒத்துவராத இரண்டு பக்கம் பக்கமாக வந்தால் எச்சில் பறக்கும். முன்னே போவதற்கும் உங்களுக்கும் இரண்டு மீட்டர் விடுங்கள். பின்னங்காலால் உதைக்கவும் அதற்குத் தெரியும். அதற்காக மிகவும் பின்தங்கியும் விடாதீர்கள். கூட்டம் கண்ணிலிருந்து மறைந்தால் கத்தத் தொடங்கும்.

நம் மேல் துப்புமா? – வாசகர், வெம்ப்ளி

பெரும்பாலும் ஒன்றின் மேல் ஒன்றுதான் துப்பிக்கொள்ளும், அதுவும் தீனிச் சண்டையில். நடுவில் நிற்பவர் நனைவார். காது பின்னால் ஒட்டி, தாடை வானத்தைப் பார்த்தால் அதுதான் எச்சரிக்கை, பக்கவாட்டில் விலகுங்கள். வருவது வெறும் எச்சில் அல்ல, வயிற்றிலிருந்து எக்கி எடுத்த பச்சைக் குழம்பு. துப்பியதற்கே வாய் கசந்து, கீழுதடு தொங்க நிற்கும்!

தலையைத் தடவப் போகாதீர்கள், அதற்குப் பிடிக்காது. கழுத்தின் பக்கவாட்டைத் தொடலாம்.

நாயைக் கூட்டிப் போகலாமா? தின்ன என்ன கொண்டு போவது? – வாசகி, டூட்டிங்

நாய் வேண்டாம். எவ்வளவு சாதுவானாலும் அல்பாக்காவின் கண்ணுக்கு அது வேட்டை மிருகம். ரொட்டி, பிஸ்கட்டும் வேண்டாம். அசை போடும் வயிற்றுக்கு மாவுப்பண்டம் கேடு. பண்ணை தரும் தீவனத்தை விரல்களை விரித்துத் தட்டையான உள்ளங்கையில் நீட்டுங்கள். மேல்வரிசையில் முன்பற்களே கிடையாது, உதட்டால் ஒற்றி எடுத்துக்கொள்ளும். வேலியோரச் செடியைப் பறித்துக் கொடுக்காதீர்கள். அங்கே சாதாரணமாக வளரும் ரோடோடென்ட்ரான் புதர், யூ மரம் இரண்டும் அதற்கு நஞ்சு.

முடிந்ததும் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கை கழுவுங்கள். கிருமிநாசினி ஜெல் போதாது, பண்ணை விலங்குகளிடமிருந்து தொற்றும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி அதற்குச் சாகாது. குழந்தை விரல் சூப்புகிறதா என்று அதுவரை ஒரு கண் வைத்திருங்கள். ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தால் அதையும் கழுவிவிட்டுக் காரில் ஏறுங்கள்.

பெரு நாட்டு மிருகம் இங்கிலாந்துக்கு எப்படி வந்தது? – வாசகர், பிராட்ஃபோர்ட்

உங்கள் ஊரே பதில்! மந்தைகள் பெருகியது அண்மைக் காலத்தில்தான். ரோமம் வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. 1830களில் டைட்டஸ் சால்ட் என்ற பிராட்ஃபோர்ட் ஆலை முதலாளி, மற்றவர்கள் சீண்டாத அல்பாக்கா ரோமத்தை நூற்றுத் துணியாக்கிப் பணக்காரரானார். 1853இல் அவர் திறந்த ஆலையைச் சுற்றி எழுந்த சால்டேர் ஊர் 2001 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். பிராட்ஃபோர்டிலிருந்து ரயிலில் கால் மணி நேரம்தான்.