‘ராக் அரவுண்ட் தி க்ளாக்’ தவிர பில் ஹேலி குழுவிடம் கேட்க வேறு என்ன இருக்கிறது?

கேள்வி இதுதான்: 1950களின் அமெரிக்க ராக் அண்ட் ரோல் குழுவான பில் ஹேலி அண்ட் ஹிஸ் காமெட்ஸ் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது ஒரே பாட்டு. அதைத் தாண்டி அவர்கள் பதிவு செய்தவற்றில் கேட்கத் தகுந்தவை உண்டா, எங்கிருந்து தொடங்குவது?

உண்டு, நிறையவே உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பகுதி 1952க்கும் 1956க்கும் நடுவில் அடங்கிவிடும். பிறகும் இருபது வருடத்துக்கு மேல் பதிவு செய்துகொண்டே இருந்தார்கள். அதில் பொறுக்கித்தான் எடுக்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் தொகுப்புகள் பெரும்பாலும் டெக்கா என்ற இசைத்தட்டு கம்பெனியில் 1954இல் செய்த பதிவுகளோடு தொடங்கும். நீங்கள் அங்கே தொடங்காதீர்கள். இரண்டு வருடம் முன்னால் போய், எஸ்ஸெக்ஸ் என்ற சின்ன கம்பெனி வெளியிட்ட ‘ராக் தி ஜாயிண்ட்’டைக் கேளுங்கள்.

அப்போது குழுவுக்கு காமெட்ஸ் என்ற பெயரே கிடையாது. ‘சாடில்மென்’ என்ற பெயரில் பென்சில்வேனியாவின் செஸ்டர் ஊர்ப் பக்கம் கௌபாய் தொப்பி போட்டுக்கொண்டு கண்ட்ரி எனும் அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள். ஹேலியே இளவயதில் யோடலிங் (குரலைச் சட்டென்று மேலே கீழே தாவவிடும் பாணி) பாடகர். 1951இல் இவர்கள் ‘ராக்கெட் 88’ பாட்டைத் தங்கள் பாணியில் பதிவு செய்தார்கள். ஜாக்கி பிரென்ஸ்டன் பாடி அந்த வருடமே பெரிய ஹிட் ஆகியிருந்த கறுப்பினப் பாட்டு அது. ஸ்டீல் கிடார் வைத்திருக்கும் ஒரு கண்ட்ரி குழு ‘ஆர் அண்ட் பி’ எனும் கறுப்பினத் துள்ளலிசைப் பாட்டைத் தொட்டது அன்றைக்கு விநோதம்தான். பதிவு சுமார். வரலாறு என்பதற்காக ஒரு முறை கேட்கலாம்.

‘ராக் தி ஜாயிண்ட்’ வேறு ரகம். இதுவும் கறுப்பினக் குழுவிடமிருந்து வந்ததுதான். பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜிம்மி பிரெஸ்டன் 1949இலேயே பதிவு செய்துவிட்டார். ஹேலி குழுவின் பதிவில் கவனிக்க வேண்டியது, அதில் டிரம்ஸே இல்லை என்பது. தாளம் முழுவதையும் மார்ஷல் லிட்டிலின் டபுள் பாஸ் சுமக்கிறது. தந்தியை இழுத்து விட்டு, அது பலகையில் அடிக்கும் சத்தத்தையே டிரம்ஸ் ஆக்கிவிடுகிறார். இதை ஸ்லாப் பாஸ் என்பார்கள். ஹெட்போனில் கேட்டால் அந்த ‘டக் டக்’ காதுக்குள்ளேயே விழும். நடுவில் டேனி செட்ரோன் என்ற கிடார்க்காரர் ஒரு சோலோ வாசிக்கிறார். சரசரவென்று இறங்கி முடிகிற சோலோ. கேட்டதும், ‘இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே’ என்று தோன்றும். ஆமாம், இரண்டு வருடம் கழித்து ‘ராக் அரவுண்ட் தி க்ளாக்’கில் அவர் வாசித்தது அதே சோலோதான்! உலகமே கொண்டாடும் அந்தச் சில நொடிகள், இந்தச் சின்ன இசைத்தட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. ஆனால் கம்பெனி இதைப் பெரிதாக நினைக்கவில்லை. தட்டின் மறுபக்கத்தில் இருந்த ‘ஐசி ஹார்ட்’ என்ற அழுமூஞ்சி கண்ட்ரி பாட்டுதான் ஓடும் என்று எதிர்பார்த்திருக்கிறார்கள்.

பிறகுதான் கௌபாய் தொப்பி போயிற்று, காமெட்ஸ் என்ற பெயர் வந்தது. ஹேலி என்ற பெயரைக் கேட்டால் அமெரிக்கர்களுக்கு ஹாலி வால்நட்சத்திரம் ஞாபகம் வரும்; வால்நட்சத்திரத்துக்கு ஆங்கிலத்தில் காமெட். சரி, 1953க்கு வருவோம். ‘க்ரேஸி மேன் க்ரேஸி’. பள்ளிக்கூட நிகழ்ச்சிகளில் வாசிக்கும்போது பிள்ளைகள் பேசிக்கொள்ளும் கொச்சையைக் காதில் வாங்கி ஹேலி எழுதிய பாட்டு இது. பில்போர்டு பத்திரிகையின் ஹிட் பட்டியலில் 12ஆம் இடம் வரை போனது. ராக் அண்ட் ரோல் என்று சொல்லத்தக்க ஒரு பாட்டு அமெரிக்காவின் தேசியப் பட்டியலில் ஏறியது இதுதான் முதல் தடவை என்று பலர் எழுதுகிறார்கள். எது முதல் என்ற சண்டையில் எனக்கு ஆர்வம் இல்லை. பாட்டு இன்னும் துள்ளுகிறது, அது போதும்.

இப்போது நீங்கள் டெக்காவுக்கு வரலாம். எஸ்ஸெக்ஸின் முதலாளி டேவ் மில்லருக்கும் ‘ராக் அரவுண்ட் தி க்ளாக்’ எழுதிய இருவரில் ஒருவரான ஜேம்ஸ் மையர்ஸுக்கும் ஆகாது. அதனால் அந்தப் பாட்டைப் பதிவு செய்ய மில்லர் விடவே இல்லை. கம்பெனி மாறியதும் ஹேலி அதைக் கையோடு கொண்டுவந்தார். 1954 ஏப்ரல் 12, நியூயார்க்கில் பிதியன் டெம்பிள் என்ற கட்டடம். பழைய நடன அரங்கு, உயரமான கூரை, நல்ல எதிரொலி. தயாரிப்பாளர் மில்ட் கேப்ளர், அதற்கு முன்பு கறுப்பினப் பாடகர் லூயிஸ் ஜோர்டானின் துள்ளல் பாட்டுகளைத் தயாரித்துக் கைதேர்ந்தவர். ஜோர்டான் குழு வாசித்த சின்னச் சின்னத் துணுக்குகளை இவர்களுக்குப் பாடிக் காட்டி வாசிக்க வைத்தது தான்தான் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். காமெட்ஸின் டெக்கா பதிவுகளில் சாக்ஸபோனும் கிடாரும் சேர்ந்து ஒரே துணுக்கைத் திரும்பத் திரும்ப அடிக்கும் இடங்கள் அங்கிருந்து வந்தவை.

அன்றைக்குக் குழு தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. செஸ்டரிலிருந்து வரும் படகு மணல்திட்டில் சிக்கிக்கொண்டது. இருந்த நேரத்தில் பெரும்பகுதியை ‘தர்ட்டீன் விமன்’ என்ற பாட்டு விழுங்கிவிட்டது. ஹைட்ரஜன் குண்டு விழுந்த பிறகு ஓர் ஆணும் பதின்மூன்று பெண்களும் மட்டும் மிஞ்சுவதாக ஒரு கனவு. கம்பெனி நம்பியது இதைத்தான். கடைசியில் மிஞ்சிய அரைமணி சொச்சத்தில் இரண்டே டேக்கில் ‘க்ளாக்’கை முடித்தார்கள். முதல் டேக்கில் வாத்தியச் சத்தம் ஹேலியின் குரலை அமுக்கிவிட்டது. இரண்டாவதில் குரலைத் தூக்கிப் பிடித்து, பிறகு இரண்டையும் சேர்த்தார்கள். டிரம்ஸ் வாசித்த பில்லி கஸ்ஸாக் குழுவின் ஆளே இல்லை, கூலிக்கு வந்தவர். செட்ரோனும் அப்படித்தான். அவர் வாங்கிய சம்பளம் 21 டாலர் என்று சொல்வார்கள். புது சோலோ யோசிக்க நேரமில்லை, பழையதையே எடுத்து வாசித்தார்.

‘க்ளாக்’ மே மாதம் ‘தர்ட்டீன் விமன்’ தட்டின் மறுபக்கப் பாட்டாக வெளிவந்து, சுமாராக ஓடி அடங்கியது. மறுவருடம் ‘பிளாக்போர்டு ஜங்கிள்’ படத்தின் தொடக்கத்தில் சேர்த்தார்கள். கதாநாயகன் க்ளென் ஃபோர்டின் பையன் வைத்திருந்த தட்டுகளிலிருந்து பொறுக்கியது அது. 1955 ஜூலையில் முதலிடம், எட்டு வாரம். இந்தப் பகுதி எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது, நான் நீட்டவில்லை. செட்ரோன் இதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1954 ஜூன் 17 அன்று படிக்கட்டில் விழுந்து இறந்துபோனார்.

அதற்குப் பத்து நாள் முன்புதான் ‘ஷேக், ராட்டில் அண்ட் ரோல்’ பதிவானது. இதைக் கேட்பதற்கு முன்னால் கறுப்பினப் பாடகர் பிக் ஜோ டர்னர் பாடிய மூலத்தைக் கண்டிப்பாகக் கேளுங்கள். டர்னர் பாட்டு படுக்கையறை வாடையோடு தொடங்கும். ஹேலி குழு அதையெல்லாம் வானொலிக்காகத் துடைத்துவிட்டது. ஒற்றைக்கண் பூனை பற்றிய ஒரு வரி மட்டும் தப்பித்துவிட்டது. அதற்கு உள்ளர்த்தம் இருப்பது தணிக்கைக்காரர்களுக்குப் புரியவில்லை போலிருக்கிறது. ஹேலிக்கே சிறுவயதிலிருந்து இடது கண்ணில் பார்வை கிடையாது என்பது இன்னொரு வேடிக்கை. டர்னரின் குரலுக்குப் பக்கத்தில் ஹேலியின் குரல் நிற்காது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் குழு சேர்ந்து தரும் வேகத்துக்கு நான் காமெட்ஸ் பதிவைத்தான் போடுவேன். கறுப்பினக் கலைஞர்களின் பாட்டை வெள்ளையர் பாடிக் காசு பார்த்தார்கள் என்ற குற்றச்சாட்டு அந்தக் காலத்துக்கு மொத்தமாகப் பொருந்தும், ஹேலிக்கும் பொருந்தும். டர்னரும் ஹேலியும் நண்பர்களாகவே இருந்தார்கள் என்பதும் உண்மை. 1966இல் டர்னர் மெக்சிகோவில் பதிவு செய்தபோது பின்னணி வாசித்தது காமெட்ஸ்தான்.

1954 கடைசியிலிருந்து 1956 வரை கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம்: ‘டிம் டிம் தி லைட்ஸ்’, ‘மாம்போ ராக்’, ‘ராஸில் டாஸில்’, ‘பர்ன் தட் கேண்டில்’, ‘சீ யூ லேட்டர் அலிகேட்டர்’. கடைசிப் பாட்டின் தொடக்கத்தில் கீச்சுக்குரலில் பேசுவது கிடார்க்காரர் ஃப்ரானி பீச்சர். பென்னி குட்மேன் குழுவில் ஜாஸ் வாசித்தவர். அந்த விரல்கள் இங்கே என்ன செய்கின்றன என்று கேட்கவே இந்தப் பதிவுகளுக்கு நான் திரும்பத் திரும்பப் போவேன்.

நடுவில், 1955 செப்டம்பரில், குழு உடைந்தது. பாஸ் லிட்டில், சாக்ஸபோன் ஜோயி ஆம்ப்ரோஸ், டிரம்ஸ் டிக் ரிச்சர்ட்ஸ் மூவரும் சம்பளத் தகராறில் வெளியேறி ‘ஜோடிமார்ஸ்’ என்று தனிக்குழு வைத்தார்கள். அவர்களுடைய ‘கிளாராபெல்லா’வைப் பின்னாளில் பீட்டில்ஸ் பிபிசி வானொலியில் பாடினார்கள். காமெட்ஸுக்கு சாக்ஸபோன் வாசிக்க ரூடி பொம்பிலி வந்தார். அவருக்காகவே செய்த ‘ரூடிஸ் ராக்’கில் பாட்டு வரி கிடையாது, முழுக்க வாத்தியம். இந்தக் குழுவின் பதிவுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் நான் ‘க்ளாக்’கை விட்டுவிட்டு இதை எடுப்பேன்.

ஆல்பங்கள்? 1956இன் ‘ராக் அண்ட் ரோல் ஸ்டேஜ் ஷோ’ நல்லது. குழுவின் மற்றவர்களுக்கும் இடம் கொடுக்கிறது. அப்புறம் வந்ததெல்லாம் ஒரு சூத்திரம் பிடித்து ஓட்டிய கதை. பழைய பாட்டுகளை ராக் ஆக்கி ஓர் ஆல்பம், உலக நாடுகளின் மெட்டுகளை ராக் ஆக்கி ஓர் ஆல்பம், பெண் பெயர் வரும் பாட்டுகளாகவே ஓர் ஆல்பம். அந்தக் கடைசி ஆல்பத்தில் உள்ள ‘ஸ்கின்னி மினி’ மட்டும் தேறும். எல்விஸும் லிட்டில் ரிச்சர்டும் வந்த பிறகு, முப்பதைத் தாண்டிய, நெற்றியில் ஒரு சுருள் முடி விட்ட ஹேலி பிள்ளைகளுக்கு அப்பா மாதிரி தெரிந்திருப்பார்.

அமெரிக்காவில் வரித் தொல்லை முற்றியதும் அவர் மெக்சிகோ போனார். அங்கே ஓர்ஃபியோன் கம்பெனிக்காக 1961 முதல் ஸ்பானிஷ் மொழியில் ட்விஸ்ட் நடனப் பாட்டுகள் போட்டுக் குவித்தார். ‘ஃப்ளோரிடா ட்விஸ்ட்’ அங்கே பெரிய ஹிட். ரசிகர்கள் இந்தக் கட்டத்தைக் கேலி செய்வதுண்டு, எனக்குப் பிடிக்கும். பழைய கட்டாயங்கள் இல்லாமல் ஜாலியாக வாசிக்கிறார்கள். 1976இல் பொம்பிலி இறந்தார். 1979இல் அலபாமாவின் மஸில் ஷோல்ஸ் ஊர் ஸ்டூடியோக் கலைஞர்களோடு ஹேலி செய்த ஆல்பம்தான் கடைசி. 1981 பிப்ரவரியில் டெக்சஸில் காலமானார்.

வாங்கும்போது, அல்லது ஆன்லைனில் தேடும்போது, ஒன்றில் ஜாக்கிரதை. ஹேலி தன் ஹிட்டுகளைக் கம்பெனி மாறும்போதெல்லாம் மறுபடி பதிவு செய்தார். 1960இல் வார்னர் பிரதர்ஸுக்குப் போனவுடன் செய்த முதல் வேலையே அதுதான். மலிவுத் தொகுப்புகளில் பாதிக்கு மேல் இந்த மறுபதிவுகளாகவே இருக்கும், அட்டையில் சொல்லவும் மாட்டார்கள். ‘க்ளாக்’கின் 1954 பதிவு மோனோ (இரு காதிலும் ஒரே ஒலி), 2 நிமிடம் 8 விநாடி. கிடார் ஒரு காதிலும் சாக்ஸபோன் மறு காதிலும் தனித்தனியாகக் கேட்டால் அது பிறகு செய்தது. அதைவிட நிச்சயமான வழி செட்ரோனின் சோலோ. ‘ராக் தி ஜாயிண்ட்’டைப் போட்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முழுச் சேகரிப்பு வேண்டுமென்றால் ஜெர்மனியின் பேர் ஃபேமிலி கம்பெனி டெக்கா காலத்துக்கு ஐந்து சிடி கொண்ட பெட்டி போட்டிருக்கிறது. விலை கடிக்கும். எஸ்ஸெக்ஸ் பதிவுகளைத் தனியாகத் தேடிக்கொள்ளுங்கள்.