வாசகர் கேள்வி – பதில்: மாற்றியமைத்த சிறு கணினியில் மின்னிரைச்சல்

கேள்வி: பிள்ளைகளுக்குப் பண்ணிசை கற்பிக்கிறேன். அவர்கள் பாடுவதைப் பதிவு செய்து திரும்பப் போட்டுக் காட்டுவதற்காக ஒரு சிறு கணினி வைத்திருக்கிறேன். கடற்காற்றில் அதன் இரும்புக் கூடு துருவேறியதால், உள்ளிருந்த பலகையைக் கழற்றித் தேக்குப் பெட்டி ஒன்றில் பொருத்தினேன். அதே பெட்டிக்குள் ஒரு சிறிய அம்பிளிபயர் பலகையையும் 12 வோல்ற் விசிறியையும் சேர்த்து, கணினியின் 19 வோல்ற் அடப்டரிலிருந்தே, வோல்ற்றளவைக் குறைக்கும் சிறு பலகை ஒன்றின் வழியாக, இரண்டுக்கும் மின் கொடுத்தேன். இப்போது ஸ்பீக்கரில் மெல்லிய கீச்சொலி ஓயாமல் கேட்கிறது. மௌஸை அசைத்தால் அதன் சுருதி மாறுகிறது. பதிவிலும் இரைச்சல் விழுகிறது. பக்கத்து மேசையிலுள்ள வானொலியில் மத்திய அலை கரகரக்கிறது. இரைச்சலைத் தடுக்க வயரில் மாட்டும் பெரைட் என்ற காந்தப்பொருள் வளையம் வாங்கி மாட்டினால் சரியாகிவிடுமா?
– வாசகர், உப்புவெளி

பதில்: உங்கள் கடிதத்தில் மூன்று குறைகள் உள்ளன, மூன்றும் வெவ்வேறு வழியாக வந்து சேர்கின்றன. பெரைட் வளையம் அவற்றுள் ஒன்றுக்கு மட்டுமே உதவும், அதுவும் சரியாகச் சுற்றினால். ஆகவே வளையத்துக்குப் பணம் செலவிடுமுன், எந்த இரைச்சல் எந்த வழியாக வருகிறது என்பதைப் பிரித்தறிய வேண்டும்.

முதலில் ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றிவிட்டுப் பெட்டியருகே காது கொடுத்துக் கேளுங்கள். அப்போதும் கீச்சொலி இருந்தால், அது பலகையிலுள்ள மின்சுருள்களே அதிர்ந்து எழுப்பும் ஒலி. அதற்கு வயர்களை மாற்றிப் பயனில்லை. மௌஸ் அசைவோடு சுருதி மாறுவதாகவும் ஸ்பீக்கரில் கேட்பதாகவும் நீங்கள் எழுதியிருப்பதால், பெரும்பாலும் அது வேறு விடயம்.

கணினிப் பலகை எடுக்கும் மின்னோட்டம் ஒரே அளவில் நிற்பதில்லை. மௌஸ் அசைந்தாலும், திரையில் ஒரு சாளரம் திறந்தாலும் அது ஏறி இறங்கும். அந்த ஓட்டம் அடப்டருக்குத் திரும்பிச் செல்லும் மறைமுனை வயரில் 0.02 ஓம் தடை இருந்தால், ஓட்டம் 1 அம்பியரால் மாறும்போது அந்த வயரின் இரு நுனிகளுக்கிடையே 20 மில்லிவோல்ற் தோன்றும். அம்பிளிபயருக்குப் போகும் ஒலிச் சமிக்ஞை உரத்த இடங்களில் 1 வோல்ற்றை அண்மித்தாலும், ஒரு பிள்ளை தாழ்ந்த குரலில் பாடும் இடத்தில் சில மில்லிவோல்ற்றாகச் சுருங்கிவிடும். உங்கள் பெட்டியில் கணினியும் அம்பிளிபயரும் ஒரே மறைமுனை வயரைப் பகிர்கின்றன. ஒலி வயரின் கவசம் அவ்விரண்டையும் மறுபடி ஒருமுறை இணைக்கிறது. இவ்வாறு ஒரு மூடிய சுற்று உருவாவதால், அந்த 20 மில்லிவோல்ற் ஒலியோடு கலந்து பெருக்கப்படுகிறது. இந்த அலைகள் காதுக்குக் கேட்கும் அதிர்வெண்ணில் இருப்பதால், மிக உயர்ந்த அதிர்வெண்களைத் தடுக்கவென அமைந்த பெரைட் இவற்றைத் தாராளமாகக் கடந்து செல்ல விட்டுவிடும்.

இதை உறுதிப்படுத்த எளிய சோதனை உண்டு. அம்பிளிபயரைப் பெட்டியின் மின்னிலிருந்து முற்றாகப் பிரித்து, ஒரு 12 வோல்ற் மோட்டார் சைக்கிள் பற்றரியில் இயக்கிப் பாருங்கள். பற்றரி வயரில் 2 அல்லது 3 அம்பியர் பியூஸ் கட்டாயம் இருக்க வேண்டும். வயர்கள் தவறுதலாகத் தொட்டுக்கொண்டால் தீப்பற்றும் அளவுக்குப் பற்றரி மின்னோட்டம் தரக்கூடியது. கீச்சொலி மறைந்தால் காரணம் நிச்சயமாகிவிட்டது. அதன்பின் அம்பிளிபயருக்கெனத் தனி 12 வோல்ற் அடப்டர் ஒன்றைக் கொடுப்பதே நான் முதலில் பரிந்துரைக்கும் வழி. ஒரே அடப்டர்தான் வேண்டுமென்றால், கணினிக்கும் அம்பிளிபயருக்கும் விசிறிக்கும் அடப்டர் செருகும் இடத்திலிருந்தே தனித்தனிச் சோடி வயர்களை எடுத்து, ஒவ்வொரு சோடியையும் முறுக்கிக் கொண்டுபோங்கள். இரைச்சல் குறையும், ஆனால் முற்றாக மறையும் என்று சொல்ல மாட்டேன். கார் ஒலிக்கருவிக் கடைகளில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று விற்கப்படும் சிறு மின்மாற்றியும் இந்தச் சுற்றை வெட்டும். அதன் மலிவான வகைகள் தாழ்ந்த ஒலிகளை மெலியச் செய்வதால், மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் வெளிறிக் கேட்கும். பாட்டுக் கற்பிக்கும் உங்களுக்கு அதை நான் விரும்பிச் சொல்லவில்லை.

இனி வானொலி. வோல்ற்றளவைக் குறைக்கும் அந்தச் சிறு பலகைதான் என் முதல் சந்தேகம். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் எல்.எம். 2596 வகைப் பலகை 150 கிலோஹேட்ஸ் அளவில் மின்னை வெட்டி வெட்டி அனுப்புகிறது. அதன் மடங்குகளான 600, 750, 900, 1050 ஆகியவை மத்திய அலையின் நடுவிலேயே விழும். ஆகவே வானொலியின் முள்ளை மெல்ல நகர்த்தி, கரகரப்பு எந்தெந்த இடங்களில் தலைகாட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 150 இடைவெளியில் அது திரும்பத் திரும்ப வந்தால் குற்றவாளி அந்தப் பலகை. வேறு சீரான இடைவெளி தெரிந்தால், அந்த இடைவெளியே இரைச்சலை எழுப்பும் கருவியின் அதிர்வெண்; அடப்டரை மாற்றிப் பார்க்க வேண்டும். பற்றரியில் இயங்கும் சிறு வானொலியின் முள்ளை எந்த நிலையமும் கேட்காத இடத்தில் வைத்து, அதைப் பெட்டியைச் சுற்றி அணுக்கமாகக் கொண்டுபோனாலும் எந்த மூலையில் இரைச்சல் கூடுகிறது என்பது தெரிந்துவிடும். விலை உயர்ந்த கருவிகள் இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

பெரைட் வளையத்துக்கு இங்கேதான் வேலை. கெட்டியான ஒரு பெரிய வளையத்தில் அடப்டர் வயரை எட்டுப் பத்துத் தடவை சுற்றி, பெட்டிக்கு மிக அண்மையில் வையுங்கள். வயரில் கவ்விக்கொள்ளும் சிறு வளையத்தை ஒருமுறை மாட்டுவது மத்திய அலைக்குப் பயன்தராது. சுற்றுகளை இரட்டித்தால் தடுக்கும் ஆற்றல் ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பதால், சுற்றுகளின் எண்ணிக்கையே இங்கு முக்கியம்.

ஆயினும் அடிப்படைக் குறை தேக்குப் பெட்டியில் இருக்கிறது. நீங்கள் கழற்றிய இரும்புக் கூடு அழகுக்காக வைத்ததன்று. பலகையிலிருந்து வெளிப்படும் உயர் அதிர்வெண் அலைகளை உள்ளேயே நிறுத்தி, திரும்பும் மின்னோட்டத்துக்கு அகன்ற பாதையும் கொடுத்தது. தேக்கை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதற்குள் அந்தப் பழைய கூட்டை, துருவைச் சுரண்டி வர்ணம் பூசி, மீண்டும் இடுங்கள். திருகாணிகள் இறுகும் இடங்களிலும், செருகுமுனைகள் வெளியே தெரியும் பின்தகட்டின் விளிம்பிலும் வர்ணம் படக்கூடாது. உலோகம் உலோகத்தைத் தொட வேண்டும். அவ்விடங்களில் சிறிது வசலின் தடவி இறுக்கினால் உப்புக்காற்று எளிதில் புகாது. காற்றோட்டத்துக்குத் துளையிடும்போது நீண்ட பிளவு வெட்டாதீர்கள். அலை கசிவதைப் பிளவின் நீளமே தீர்மானிக்கிறது, பரப்பளவு அன்று, 2.4 கிகாஹேட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்ரிமீற்றர், அதில் பாதியளவான பிளவு நல்ல ஆன்டெனாவாகவே செயற்படும். ஐந்தாறு மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத் துளைகள் பல இருந்தால் காற்றும் போகும், கவசமும் கெடாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம்மூர் வெப்பத்தில் மரப்பெட்டி சூட்டைத் தேக்கிவைக்கும் என்பதால் துளைகளின் எண்ணிக்கையில் சிக்கனம் வேண்டாம்.

பதிவில் விழும் இரைச்சலுக்குத் தீர்வு சுருக்கமானது: மைக்கைப் பலகையிலுள்ள துளையில் செருகாமல், யூ.எஸ்.பி. ஒலி அட்டை ஒன்றை ஒரு மீற்றர் வயரில் பெட்டிக்கு வெளியே வைத்து அதில் செருகுங்கள்.

கேள்வி: கணினியின் உலோகப் பெட்டியைத் தொட்டால் விரல் நுனி சுரசுரக்கிறது. ஸ்பீக்கரிலும் தாழ்ந்த உறுமல் கேட்கிறது. பிளக்கின் எர்த் வயரை வெட்டிவிட்டால் உறுமல் நின்றுவிடும் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?
– வாசகர், நிலாவெளி

பதில்: வெட்டவே வேண்டாம். உறுமல் நின்றாலும், பழுது ஏற்படும் நாளில் அந்தப் பெட்டி முழு 230 வோல்ற்றையும் தாங்கி நிற்கும்; அதைத் தொடுபவர் உயிருக்கு ஆபத்து.

சுரசுரப்புக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். உங்களுடையது எர்த் தொடுப்பில்லாத அடப்டரானால், இரைச்சலைக் குறைப்பதற்காக அதனுள்ளே வைக்கப்பட்டுள்ள சிறு கொள்ளளவி வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் கசியும். 2.2 நனோபரட் கொள்ளளவியில், 230 வோல்ற்றிலும் 50 ஹேட்ஸிலும், அது ஏறத்தாழ 0.16 மில்லிஅம்பியர். மல்ட்டிமீற்றர் நூறு வோல்ற்றுக்கு மேல் காட்டி அச்சுறுத்தினாலும், நல்ல தரமான அடப்டரில் இது ஆபத்தற்றது.

எர்த் வயர் பெட்டிவரை வந்திருந்தும் சுரசுரப்பு இருந்தால், உங்கள் வீட்டின் எர்த் எங்கோ அறுந்திருக்கிறது என்றே கொள்ளுங்கள். கரையோர மணலில் புதைத்த எர்த் கம்பியின் இணைப்பு உப்பால் அரிக்கப்படும். மழையில்லாத மாதங்களில் மணல் வறண்டு தடை மேலும் கூடும். ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தியதும் அது விழுகிறது என்பதைக் கொண்டு எர்த் நலமாக இருப்பதாக முடிவு செய்யாதீர்கள். அந்தப் பொத்தான் சுவிட்சை மட்டுமே சோதிக்கும். எர்த் கம்பியைத் தொடுவதேயில்லை. தகுதிபெற்ற மின்னிணைப்பாளரை அழைத்து எர்த் தடையை அளக்கச் சொல்லுங்கள். உறுமலுக்கு, கணினியையும் அம்பிளிபயரையும் ஒரே பல்முனைப் பலகையில் செருகிப் பாருங்கள். இரண்டு சுவர்த்துளைகளுக்கிடையே உருவாகும் எர்த் சுற்று அதனால் மிகச் சிறிதாகிவிடும்.

கேள்வி: பெட்டியின் உட்புறம் சமையலறை அலுமினியத் தாளை ஒட்டினால் போதாதா?
– வாசகி, கிண்ணியா

பதில்: போதாது. தாள் கழன்று பலகையில் விழுந்தால் குறுக்குச்சுற்று ஏற்பட்டுக் கணினியே எரிந்துபோகலாம். பெட்டியின் உலோகத்தோடு இணையாமல் தனித்து நிற்கும் தாள் இரைச்சலை ஏந்திப் பரப்பவும் கூடும். மின் கடத்தும் பசையுள்ள செப்பு நாடா கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள். அலுமினியத்தின் மேல் ஒட்ட வேண்டாம், உப்பீரத்தில் இரண்டும் சேருமிடத்தில் அலுமினியம் அரித்துப்போகும்.

கேள்வி: வன்தட்டை எடுத்துவிட்டு, யூ.எஸ்.பி. 3 வழியாக எஸ்.எஸ்.டி. பொருத்தினேன். அது ஓடும்போது வயர்லெஸ் மௌஸ் தடுமாறுகிறது, வைஃபையும் அறுகிறது.
– வாசகர், சீனக்குடா

பதில்: யூ.எஸ்.பி. 3 இணைப்பு 2.4 கிகாஹேட்ஸ் பட்டையில் இரைச்சலைப் பரப்புவதை இன்டெல் நிறுவனமே 2012இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில் அளந்து காட்டியது. உங்கள் மௌஸும் வைஃபையும் அதே பட்டையில் இயங்குகின்றன. மௌஸின் சிறு வாங்கியை யூ.எஸ்.பி. 2 துளைக்கு மாற்றி, ஒரு நீட்சி வயரால் மௌஸுக்கு அருகே கொண்டுவாருங்கள். எஸ்.எஸ்.டி.யின் வயர் குட்டையானதாகவும் நல்ல கவசமுள்ளதாகவும் இருக்கட்டும். வைஃபையை, உங்கள் ரௌட்டர் இடமளித்தால், 5 கிகாஹேட்ஸுக்கு மாற்றுங்கள். பெட்டியைத் திறந்திருப்பதால் இன்னொன்றையும் பாருங்கள்: வைஃபை ஆன்டெனாவின் மெல்லிய வயரை யூ.எஸ்.பி. வயரோடு சேர்த்துக் கட்டியிருந்தால் பிரித்து, ஆன்டெனாவை எஸ்.எஸ்.டி.க்கு எதிர்ப்பக்க மூலையில், உலோகம் மறைக்காத இடத்தில் ஒட்டுங்கள்.