ஈர நெல்லைக் களத்திலேயே விற்பதா, கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோவதா?

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் சொந்தமாக ஓர் ஏக்கர், குத்தகையாக ஓர் ஏக்கர் என இரண்டு ஏக்கரில் சி.ஆர்.1009 ரக நெல்லைச் சம்பா பருவத்தில் சாகுபடி செய்கிறேன். உரக்கடன் தந்த வியாபாரியிடமே அறுவடையன்று நெல்லை அளந்துவிடுவது வழக்கம். இம்முறை 60 கிலோ மூட்டைக்கு 1,260 ரூபாய் என்கிறார். அரசின் நெல் கொள்முதல் நிலையத்தில் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். ஆனால் எவ்வளவு என்பதை மூட்டைக் கணக்கில் பார்த்தால் தெரியாது. வியாபாரியின் மூட்டை 60 கிலோ, நிலையத்தின் சிப்பம் 40 கிலோ என்பதால் இரண்டையும் குவிண்டாலுக்கு (100 கிலோ) மாற்றிக்கொள்ளுங்கள். அவர் தருவது குவிண்டாலுக்கு 2,100 ரூபாய். 2025-26 பருவத்தில் தமிழக அரசின் ஊக்கத்தொகையையும் சேர்த்து, உங்களுடையதைப் போன்ற பொது ரக நெல்லுக்கு நிலையத்தில் 2,500 ரூபாய்.

இந்த 400 ரூபாயும் அப்படியே கைக்கு வந்துவிடாது. இயந்திர அறுவடை நெல்லின் ஈரப்பதம் 22 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், நிலையத்தின் வரம்பான 17 சதவீதத்துக்குக் காய வைக்கும்போது 100 கிலோ சுமார் 94 கிலோவாகக் குறையும். அதன் மதிப்பு 2,350 ரூபாய். ஆக, குவிண்டாலுக்கு 250 ரூபாய் வீதம், இரண்டு ஏக்கரில் 40 குவிண்டால் விளைந்தால் 10,000 ரூபாய் வித்தியாசம். காய வைக்கும் ஆள்கூலி, வண்டி வாடகை, காத்திருக்கும் நாட்களின் செலவு ஆகியவற்றைக் கழித்து மிஞ்சுவதே உங்கள் உண்மையான ஆதாயம். அறுவடைக்குப் பத்து நாள் முன்பே வயலின் நீரை வடித்துவிட்டு, பனி விலகிய பிறகு இயந்திரத்தை இறக்கினால் காய வைக்கும் வேலை குறையும்.

ஆனாலும் சிறு விவசாயியை நிலையத்துக்கு வரவிடாமல் தடுப்பது பெரும்பாலும் விலை அறியாமை அன்று. அறுவடை வாரத்தில் ஏற்படும் பணநெருக்கடியும், நெல்லைத் தருவதாகச் சொல்லி வாங்கிய உரக்கடனும்தான் என்பதே என் உறுதியான கருத்து. அந்தக் கடன் நிற்கும்வரை விலை பேசும் உரிமை உங்களிடம் இல்லை. சொந்த ஏக்கருக்குத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் பெறுங்கள். உரிய காலத்தில் திருப்பிச் செலுத்தினால் அதற்கு வட்டி இல்லை. இந்த ஆண்டு வியாபாரியின் பாக்கிக்கு ஈடான நெல்லை மட்டும் அவருக்கு அளந்துவிட்டு, மீதியை நிலையத்துக்குக் கொண்டுபோகலாம்.

குத்தகை ஏக்கரில்தான் சிக்கல் அதிகம். நில உரிமை ஆவணமான சிட்டா உரிமையாளரின் பெயரில் இருப்பதால், நீங்கள் சாகுபடி செய்ததற்கான அடங்கல் சான்றைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கதிர் முற்றுவதற்கு முன்பே கேட்டு வாங்கிவிட வேண்டும். அறுத்த பிறகு அலைந்தால் நெல் திறந்த வெளியில் கிடந்து நனையும். ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றுடன் இணையவழி முன்பதிவையும் அப்போதே முடித்துவிடுங்கள். இரண்டு ஏக்கர் நெல்லுக்கெனத் தனி வண்டி கட்டுப்படியாகாது. அதே வாரத்தில் அறுக்கும் பக்கத்து வயல்காரர்களுடன் வாடகையைப் பகிர்ந்துகொள்வதே நல்லது.