அராரத் யெரெவான்: கீவ் தானம் செய்த கோப்பை அல்ல

சோவியத் காலத்தில் பெயரெடுத்த ஆர்மீனியக் கால்பந்து அணி அராரத் யெரெவான். அதன் வரலாறு பற்றி வாசகர்கள் புனைபெயரில் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். அடுத்த வார ஆட்டத்தில் யார் வெல்வார் என்று கேட்பவர்கள் சோதிடரைப் பார்க்கவும்.

கோல்கம்பம்: ஐயா, அணிக்குத் தொடக்கத்திலிருந்தே இந்தப் பெயர்தானா?

இல்லை. 1935-இல் ஸ்பார்த்தக் என்ற பெயரில் தொடங்கினார்கள். நடுவில் டினமோ ஆனது, பிறகு மறுபடியும் ஸ்பார்த்தக். சோவியத் நாட்டில் அந்த இரண்டு பெயர்களிலும் ஊருக்கு ஊர் அணிகள் இருந்தன. அராரத் என்ற பெயர் 1963-இல் வந்தது. அந்த மலை இருப்பது துருக்கி எல்லைக்குள். யெரெவானிலிருந்து பார்த்தால் கண் நிறையத் தெரியும். மாஸ்கோவுக்குப் போய் ஆடும் அணியின் சட்டையில் அந்தப் பெயர் இருப்பது ஆர்மீனியர்களுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இடதுகால்: 2019, 2020 லீக் பட்டங்களையும் சேர்த்தால் மொத்தம் எத்தனை?

சேர்க்கக் கூடாது. அவற்றை வென்றது அராரத்-அர்மேனியா. 2017-இல் அவான் அகாதெமி என்று பிறந்து, அடுத்த ஆண்டு பெயரை மாற்றிக்கொண்ட தனி அணி அது. அராரத் யெரெவானுக்கு இருப்பவை 1973-இன் சோவியத் பட்டமும், 1993-இன் ஆர்மீனியப் பட்டமும்தான். எண்ணும் முன் பெயரை முழுதாகப் படியுங்கள்.

பழைய வானொலி: 1973 பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்.

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த ஆண்டு லீக் பட்டம், சோவியத் கோப்பை இரண்டையும் அராரத் வென்றது. ரஷ்யாவுக்கு வெளியே இந்த இரட்டை வெற்றியைக் கண்டவை உக்ரைனின் டினமோ கீவும் அராரத்தும் மட்டுமே. பயிற்சியாளர் நிகிதா சிமோனியான்; மாஸ்கோ ஸ்பார்த்தக்கின் பழைய கோல் மன்னர். 1956 ஒலிம்பிக் இறுதியில், அதுவரை ஆடிவந்த ஸ்திரெல்த்சோவுக்குப் பதிலாக ஆடித் தங்கம் பெற்றவர். அந்தப் பதக்கத்தை ஸ்திரெல்த்சோவிடமே கொடுக்கப் போனார், அவர் வாங்க மறுத்துவிட்டார். அப்படிப்பட்ட மனிதர் வந்து சேர்ந்தபோது அணியும் பழுத்திருந்தது. 1971-இலேயே லீக்கில் இரண்டாம் இடம் பிடித்த அணி அது. அந்திரியாசியானும் சனசானியானும் 1972 ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்று திரும்பியிருந்தார்கள். முன்வரிசையில் அஜர்பைஜானின் பாக்கு நகரில் பிறந்து, அவ்வூர் அணியான நெஃப்ட்சியில் ஆடிப் பேர்பெற்ற எதுவார்த் மர்காரோவ். இடது ஓரத்தில் லெனினகான்காரர் (இன்றைய கியூம்ரி நகரம்) லெவோன் இஷ்தோயான்.

கோப்பை இறுதி அக்டோபர் 10, மாஸ்கோ லெனின் அரங்கம், எதிரில் கீவ். முதல் கோலைக் கீவ்தான் அடித்தது. 89-ஆவது நிமிடம் வரை அதே நிலை. அப்போது இஷ்தோயான் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் இன்னொன்றும் அவரே. 2-1.

வலைக்குள்ளே: கீவ் பயிற்சியாளர் செவிதோவ் கடைசி நிமிடங்களில் பிளோகினையும் புர்யாக்கையும் வெளியே எடுத்தாரே? கோப்பையைத் தானம் செய்ததுபோல் ஆயிற்று. அதிர்ஷ்டம்தானே?

எடுத்தார், உண்மை. வெற்றி கைக்கு வந்துவிட்டதென்று நினைத்தார். அது அவருடைய கணக்கு. ஆனால் சமன் ஆன பிறகும் முப்பது நிமிட ஆட்டம் பாக்கி இருந்தது. கீவில் மற்றவர்களுக்குக் கால் இல்லையா?

வலைக்குள்ளே: பிளோகின் இருந்திருந்தால் கூடுதல் நேரமே வந்திருக்காது.

பிளோகின் தாக்குதல் வீரர். 89-ஆவது நிமிடத்தில் இஷ்தோயானைத் தடுக்கும் வேலை அவருடையதா?

பழைய வானொலி: நானும் ஒன்று சொல்கிறேன். டிராவுக்குப் பிறகு பெனால்டி அடித்து, வென்றவருக்கு மட்டும் ஒரு புள்ளி என்ற விசித்திர விதி அந்த ஆண்டு லீக்கில் இருந்தது. அதுவும் உதவியிருக்கலாம் அல்லவா?

நீங்களுமா? விதி பதினாறு அணிகளுக்கும் ஒன்றுதான். முப்பது ஆட்டங்கள் கொண்ட லீக்கில் இரண்டாவதாக வந்ததும் அதே கீவ். ஓர் ஆட்டத்தைத் தவறான மாற்றத்தால் இழக்கலாம். ஒரு பருவம் முழுவதையும் அப்படி இழக்க முடியாது. செவிதோவ் பதவி இழந்தார், லோபனோவ்ஸ்கி வந்தார், அடுத்த ஆண்டு இரட்டை வெற்றி கீவுக்கு. அதை யாரும் அதிர்ஷ்டம் என்பதில்லை. சிறிய குடியரசு வென்றால் மட்டும் எதிராளியின் பிழையைத் தேடுகிறோம். 1975-இல் உக்ரைனின் சோர்யா அணியை 2-1 என்று வீழ்த்தி அராரத் மீண்டும் கோப்பையை எடுத்ததே, அன்று யார் தானம் செய்தார்?

வலைக்குள்ளே: சோர்யாவும் கீவும் ஒன்றா?

சோர்யா 1972-இன் சோவியத் சாம்பியன். போதும், அடுத்த கேள்வி.

சின்னக் குட்டி: மிகிதாரியான் அராரத் வீரர்தானே?

இல்லை, யெரெவானின் இன்னோர் அணியான பியூனிக். அவருடைய தந்தை ஹம்லெத் அராரத்தின் தாக்குதல் வீரர்.

நீலச்சட்டை: செல்சியிடம் 8-0 என்று தோற்ற அணி இதுவா?

அது நோவா என்ற வேறோர் ஆர்மீனிய அணி, 2024-இல். பெயரை முழுதாகப் படியுங்கள் என்று சொன்னேன்.

மூன்றாம் வரிசை: ஐரோப்பாவில் ஏதாவது சாதித்தார்களா?

1974-75 ஐரோப்பிய சாம்பியன்கள் கோப்பையில் நார்வேயின் வைக்கிங்கையும் அயர்லாந்தின் கார்க் செல்டிக்கையும் தாண்டிக் காலிறுதிக்கு வந்தார்கள். எதிரில் பேயர்ன் மியூனிக். அங்கே 2-0 தோல்வி. யெரெவானில் அந்திரியாசியான் கோலால் 1-0 வெற்றி. கோல் கணக்கில் வெளியேறினார்கள், கோப்பையைப் பேயர்ன் எடுத்துக்கொண்டது. அந்தப் போட்டியில் மர்காரோவ் அடித்தவை 5 கோல்கள். கெர்ட் முல்லர் அடித்தவையும் 5. முல்லரை உலகமே அறியும். மர்காரோவ் பெயரை என்னிடம் இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

இடதுகால்: அராரத்-அர்மேனியா பட்டத்தைச் சேர்க்காவிட்டாலும் அடைப்புக்குறிக்குள் போடலாமா?

வேண்டாம்.

கோல்கம்பம்: பிறகு ஏன் சரிந்தது?

1966 முதல் 1991 வரை சோவியத் மேல்மட்ட லீக்கை விட்டு இறங்காத அணி. ஒன்றியம் உடைந்ததும் எதிரணிகளே மாறிவிட்டன. கீவும் திபிலீசியும் வந்து ஆடிய ஊரில் உள்ளூர் லீக் மட்டும் மிஞ்சியது. போர், எல்லை அடைப்பு, மின்சாரமில்லாத குளிர்காலங்கள். பிழைப்பு தேடி வீரர்கள் வெளிநாடு போனார்கள். 1993-இல் லீக்கும் கோப்பையும் கிடைத்தன. 2008-இல் ஒரு கோப்பை. இடையில் 2001 முதல் 2010 வரை தொடர்ந்து பத்துப் பட்டங்களைப் பியூனிக் அள்ளிக்கொண்டது.

மூன்றாம் வரிசை: ஹ்ரஸ்தான் அரங்கம் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. ஆற்றுப் பள்ளத்தாக்கின் சரிவில் 1970-இல் கட்டி முடித்தது, அன்று எழுபதாயிரம் பேர் கொண்டது. பேயர்னை வென்றது அங்கேதான். பின்னாளில் அதைச் சுற்றிச் சந்தை நடந்தது. தேசிய அணி இப்போது அதைவிடச் சிறிய ‘குடியரசு அரங்கம்’ என்ற இடத்தில் ஆடுகிறது.

சின்னக் குட்டி: சட்டை எங்கே கிடைக்கும்?

வியாபாரம் தெரிந்தவர்களைக் கேளுங்கள். வாங்கும்போது எந்த அராரத் என்று பார்த்து வாங்குங்கள்.