கறுப்பின மக்களே நடத்திய பத்திரிகையும் ரேடியோவும் அவர்களுக்கு உண்மையில் பலம் தந்தனவா?

வெளிநாடுகளில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் தாங்களே பத்திரிகை, ரேடியோ நடத்துவதாலும் தங்கள் கதையைச் சொல்வதாலும் ஏதாவது மாறுகிறதா, இல்லை அது நல்ல பேச்சு மட்டும்தானா என்பது கேள்வி. மாறுகிறது. எனக்குத் தெரிந்த ஒரே ஓர் ஊரை வைத்துச் சொல்கிறேன்.

தெற்கு லண்டனில் பிரிக்ஸ்டன் பக்கம் ஒன்பது வருடம் வாடகைக்கு இருந்தேன். கீழ்வீட்டில் ஜமைக்காவிலிருந்து சிறுமியாக வந்த ஒரு பெரியம்மா. 'வெஸ்ட் இந்தியன் கெசட்' என்ற பெயரை முதலில் அவர் வாயால்தான் கேட்டேன். அவருடைய அப்பா அதை வாங்கி வந்து, வாசிக்கத் தெரியாத இரண்டு பேரை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து சத்தமாகப் படித்துக் காட்டுவாராம். நடுநடுவே நிறுத்தி, இது நம்ம ஊர்ச் சேதி என்று விரலால் தட்டுவாராம்.

அதைத் தொடங்கியவர் க்ளாடியா ஜோன்ஸ். 1915ல் டிரினிடாடில் பிறந்து, சின்ன வயதிலேயே நியூயார்க்கின் ஹார்லெமுக்குப் போய், கம்யூனிஸ்ட் கட்சியில் வேலை செய்ததற்காக ஜெயிலுக்குப் போய், 1955 டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து நாடு கடத்தப்பட்டு லண்டன் வந்து சேர்ந்தவர். இளம் வயதில் காசநோய், அப்புறம் இதய நோய். கையில் பணமும் கிடையாது. 1958 மார்ச்சில் பிரிக்ஸ்டன் ரோட்டில் ஒரு கடைக்கு மேல் மாடியில் உட்கார்ந்து மாதப் பத்திரிகை போட ஆரம்பித்தார். வாடகைக்கு வீடு என்று எழுதிய பலகையிலேயே கறுப்பர்கள் வர வேண்டாம் என்றும் எழுதியிருந்த காலம் அது. பெரிய பத்திரிகைகளுக்கு இந்த மக்கள் ஒரு 'பிரச்சினை'. கெசட்டில் அவர்கள் வாசகர்கள். கரீபியன் தீவுகளின் அரசியல், ஆப்பிரிக்க நாடுகளின் விடுதலை, லண்டனில் நடக்கும் வேலைச் சண்டை எல்லாம் ஒரே தாளில் வந்தன. பிறகு அதன் பெயரிலேயே 'ஆப்ரோ ஏசியன்' என்று சேர்த்துக்கொண்டார்கள், அதாவது நம் பக்கத்து ஆட்களையும் சேர்த்துத்தான்.

ஆரம்பித்த ஆறாவது மாதமே, 1958 ஆகஸ்ட் கடைசியில், மேற்கு லண்டனின் நாட்டிங் ஹில்லில் வெள்ளைக்காரக் கும்பல்கள் கரீபியன் மக்களை அடித்து, வீடுகளைத் தாக்கின. கெசட் என்ன செய்தது என்பதுதான் உங்கள் கேள்விக்கு நான் தரும் பதிலின் மையம். கண்டித்து எழுதியதோடு நிற்கவில்லை. 1959 ஜனவரி 30 அன்று செயின்ட் பான்கிராஸ் டவுன் ஹாலில், குளிர்காலம் என்பதால் கூரைக்குள்ளேயே, ஒரு கரீபியன் கார்னிவல் நடத்தியது. ஸ்டீல் டிரம், டிரினிடாட்டின் கலிப்சோ பாட்டு, அழகுப் போட்டி எல்லாம் இருந்தது, பிபிசி தொலைக்காட்சியிலும் காட்டினார்கள். அந்த விழா மலரில் ஒரு குறிப்பு உண்டு: மலர் விற்ற பணத்தில் ஒரு பகுதி, நாட்டிங் ஹில் சம்பவங்களில் சிக்கிய கறுப்பு, வெள்ளை இளைஞர்களின் அபராதத்தைக் கட்டுவதற்குப் போகும் என்று. இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அடி வாங்கிப் பயந்து வீட்டுக்குள் கிடந்தவர்களை வெளியே வரவைத்து, ஆடவைத்து, அந்தக் காசில் கோர்ட்டு அபராதமும் கட்டுவது என்றால் ஒரு பத்திரிகைக்கு வேறென்ன வேலை இருக்க முடியும்? இன்றைக்கு உலகம் முழுக்கத் தெரிந்த நாட்டிங் ஹில் தெருத் திருவிழா 1966ல் வேறு சிலர் முயற்சியில் தொடங்கியது, ஆனால் அதற்கு முன்னோடி இந்த டவுன் ஹால் கூட்டங்கள்தான்.

கதை சொல்லல் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஒருமுறை ஓர் அமைப்பிலிருந்து இரண்டு பேர் மைக்கோடு வந்து எங்கள் பெரியம்மாவைப் பேட்டி எடுத்தார்கள். அச்சடித்த கேள்வித்தாள், எல்லாக் கேள்வியும் அவமானத்தைப் பற்றியே. யார் திட்டினார்கள், எங்கே மறுத்தார்கள், எப்படி வலித்தது. ஒரு வரி, ஒரு வரியாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டார். பிறகு அவருடைய பேரன் போனில் பதிவு செய்தான். முதல் கேள்வியே, பாட்டி, அந்த கார்னிவலுக்கு யார் உடை தைத்தது என்பதுதான். மூன்று மணி நேரம் பேசினார். துணி எங்கே வாங்கினார்கள், யார் தையல் மெஷின் இரவல் கொடுத்தது, பஸ்ஸில் யார் முறைத்தார்கள், அதற்கு அவர் அம்மா என்ன சொன்னார் என்று வலியும் அதிலேயே வந்தது, தன் இடத்தில், தன் அளவில். கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துக் கதையே வேறாகிவிடுகிறது. அதனால்தான் மைக் அவர்கள் கையிலேயே இருக்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்கிறேன்.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். கெசட் எப்போதும் கடனில்தான் ஓடியது. அங்கே எழுதியவர்களில் டொனால்ட் ஹைண்ட்ஸ் பகலில் லண்டன் பஸ் கண்டக்டர், அப்படித்தான் எல்லாமே. கரீபியன் மக்களின் வருகையைக் கட்டுப்படுத்திய 1962 குடியேற்றச் சட்டத்தை எதிர்த்து எழுதியும் சட்டம் நிறைவேறியது. க்ளாடியா 1964 டிசம்பரில், ஐம்பது வயதுகூட ஆகாமல், இதயம் நின்று இறந்தார். அடுத்த வருடத்துக்குள் பத்திரிகையும் நின்றுவிட்டது. ஒரே ஆளின் உடம்பை நம்பி ஒரு சமூகத்தின் பத்திரிகை ஓடியதுதான் அதன் பெரிய பலவீனம்.

அப்புறம் எண்பதுகளின் ஆரம்பத்தில் மேற்கு லண்டனில் லைசென்ஸ் இல்லாமல் ஒலிபரப்பிய டிபிசி என்ற, ஜமைக்காவின் ரெக்கே இசை போடும் ரேடியோ, 1982ல் 'தி வாய்ஸ்' வாரப் பத்திரிகை, 1990ல் பிரிக்ஸ்டனிலிருந்தே உரிமத்தோடு சாய்ஸ் எஃப்எம் என்று வந்தன. சாய்ஸ் எஃப்எம் ஆரம்பித்த நாளில் பெரியம்மா வீட்டில் சமையலறை ரேடியோவை அந்த அலைவரிசையில் வைத்தவர்கள், பல வருடம் குமிழைத் திருப்பவே இல்லையாம்.