குதிருக்குள் கலந்த கோதுமை

மதிப்பிற்குரிய ஐயா,

சிகாகோவின் தானிய வணிகர் ஜூலியன் ரம்சேயைப் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். 1861-இல் மேயராகி ஓராண்டில் இறங்கிவிட்ட ஒரு மண்டிக்காரருக்கு அவ்வளவு இடம் தேவைதானா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அக்காலத்தில் சிகாகோ மேயரின் பதவிக்காலமே ஓராண்டுதான்; அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்ட சில வாரங்களில் பொறுப்பேற்றவர் அவர். ஆயினும் நான் அவரைப் பற்றி எழுதியது அந்த ஓராண்டுக்காக அன்று.

1835-இல் சிறுவனாகச் சிகாகோவுக்கு வந்த ரம்சே, நியூபெரி-டோல் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அந்நிறுவனம் 1839-இல் ‘ஒசியோலா’ என்ற பாய்மரக் கப்பலில் 1,678 புஷல் (தானியத்தை அளக்கும் ஓர் அளவு) கோதுமையை அனுப்பியது. அன்றைய வணிகத்தில் சாக்குமூட்டையின்மேல் உரியவரின் குறி இருக்கும். நியூயார்க்கில் விலைபோகும் வரை அது அவருடைய கோதுமையேதான், வழியில் கப்பல் மூழ்கினால் நட்டமும் அவருடையதே. ரயிலும் நீராவியால் இயங்கும் எலிவேட்டர் களஞ்சியங்களும் வந்தபின், வாளிகள் கோத்த பட்டை தானியத்தை அள்ளி மேலேற்ற, பலருடைய கோதுமையும் ஒரே குதிருக்குள் விழத் தொடங்கியது. உழவர் கையில் மிஞ்சியது ஒரு ரசீது மட்டுமே.

அந்த ரசீதை எதை நம்பி வாங்குவது? சிகாகோ வணிகர் சங்கம் 1856-இல் கோதுமையை வெள்ளைக் குளிர்காலக் கோதுமை, சிவப்புக் குளிர்காலக் கோதுமை, வசந்தகாலக் கோதுமை என மூன்றாகப் பிரித்தது. ஆனால் ஈரக் கோதுமையும் பதரும் கலந்து போனதால் நகரத்தின் பெயர் கெட்டது. ரம்சே அச்சங்கத்தின் தலைவராக இருந்த 1858, 1859 ஆம் ஆண்டுகளில்தான் தரம் பார்க்கும் ஆய்வாளர்முறை நிலைபெற்றது. சங்கத்தின் தர அளவுகளுக்கு 1859-இல் சிகாகோ அடங்கிய இல்லினாய்ஸ் மாநிலத்தின் சட்டமன்றம் சட்ட வலிமை தந்தது. கண்ணால் காணாத கோதுமையை ‘இரண்டாம் தரம்’ என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்கவும் விற்கவும் முடிந்தது அதன் பிறகுதான். மேயர் பதவியைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இதன் மறுபக்கத்தையும் நான் மறைக்கவில்லை. காயவைத்துப் புடைத்துத் தூய்மையாகக் கொண்டுவந்தவருக்கும், அதே தரத்தின் அடிவிளிம்பை எட்டிப்பிடித்தவருக்கும் ஒரே விலைதான் கிடைத்தது. எலிவேட்டர் உரிமையாளர்களோ உயர்ந்த கோதுமையோடு தாழ்ந்ததைக் கலந்து, அந்த அடிவிளிம்பு வரை இறக்கி இலாபம் பார்த்தார்கள். உழவர்களின் நெடிய போராட்டத்துக்குப் பின் மாநில அரசு தலையிட்டது. களஞ்சியக் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு விதிக்கலாம் என்று 1877-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த உழவர்களின் கோபம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். அதைப் புரிந்துகொள்ளவும் ரம்சேயின் காலத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அன்புடன்.