பெறுபேற்றுத் தரவைப் பொதுவில் வைப்பது பற்றி

வணக்கம். வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். எங்கள் வலயத்தின் சாதாரண தரப் பெறுபேறுகளைச் சில வருடங்களாகச் சேர்த்து வருகிறேன். அரச இணையத்தளங்களில் முன்பு கிடைத்த பீடிஎப் கோப்புகள் சில இப்போது திறப்பதில்லை. அமெரிக்காவில் கல்விப் புள்ளிவிபர நிறுவனத்தையே சுருக்கிவிட்டதாக வாசித்தேன். என் கோப்பை எல்லோருக்கும் பயன்படும்படி வெளியிடலாமா? பிள்ளைகளின் பெயரும் பரீட்சைச் சுட்டெண்ணும் அதில் உண்டு.
– ஆசிரியை ஒருவர்

அன்புள்ள ஆசிரியைக்கு,

இப்போதுள்ள வடிவில் வெளியிடாதீர்கள். ஆனால் வேலையைக் கைவிடவும் வேண்டாம். இது யாராவது செய்தே ஆகவேண்டிய வேலை.

நீங்கள் வாசித்தது உண்மை. அமெரிக்கக் கல்வித் திணைக்களம் 1867இல் தொடங்கப்பட்டதே புள்ளிவிபரம் திரட்டத்தான். அந்தப் பணியைச் செய்துவந்த தேசிய கல்விப் புள்ளிவிபர நிலையத்தில் 2025 மார்ச் ஆட்குறைப்புக்குப் பின் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே மிஞ்சினர். ஹாவர்ட் சட்ட நூலகம் அமெரிக்க அரச தரவுத்தளத்தின் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட தொகுப்புகளை ஏற்கெனவே பிரதி செய்திருந்தது.

தரவு இல்லாத காலம் எப்படியிருக்கும் என்பது நமக்குப் புதிதல்ல. 1981க்குப் பிறகு வடக்கில் முழுமையான குடிசன மதிப்பீடு 2012இல்தான் நடந்தது. எண்ணிக்கை அரசியலை எப்படி மாற்றும் என்பதும் தெரியும்: வாக்காளர் இடாப்புச் சுருங்க, யாழ். தேர்தல் மாவட்டத்தின் ஆசனங்கள் 2010இல் 9, 2015இல் 7, 2024இல் 6 ஆயின.

ஆனாலும் நான் அதிகம் அஞ்சுவது கோப்பு அழிவதற்கல்ல. எண் தப்பி, அது எதை எண்ணியது என்ற குறிப்புத் தொலைவதற்கே. 2011 உயர்தரத்தில் பழைய, புதிய பாடத்திட்டத்தில் எழுதியவர்களை ஒன்றாக்கி, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியை (சராசரியிலிருந்து ஒருவர் எவ்வளவு மேலே, கீழே என்பதை) கணித்தார்கள். இரு தரப்பையும் தனித்தனியாகக் கணிக்கும்படி உயர் நீதிமன்றம் 2012இல் உத்தரவிட்டது. யாருடைய புள்ளிகளைச் சேர்த்துச் சராசரி எடுப்பது என்பதுதான் அங்கே வழக்கு. ஆகவே உங்கள் அட்டவணையோடு ஒரு குறிப்புத் தாளும் இருக்கட்டும். ‘சித்தி’ என்றால் ஆறு பாடச் சித்தியா, உயர்தரம் படிக்கத் தகுதியா? வகுத்தது விண்ணப்பித்தவர் தொகையாலா, தோற்றியவர் தொகையாலா? இரண்டாம் முறை எழுதியவர்கள் உள்ளே உண்டா? இவை எழுதப்படாத சதவீதத்தை எந்தக் கட்சியும் தனக்கு வேண்டியபடி மேடையில் சொல்லலாம்.

சேமிக்கும்போது, இறக்கிய மூலக் கோப்பைத் திருத்தாமல் தனி உறையில் வையுங்கள். முகவரியையும் திகதியையும் எழுதி, அதன் ஷா-256 கைரேகையை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கும் அடையாளச் சரத்தை, கணித்துப் பக்கத்தில் பதியுங்கள். விண்டோசில் உள்ள செர்ட்யூட்டில் கட்டளையே போதும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த 64 எழுத்துச் சரம் முற்றாக மாறிவிடும். இணையப் பக்கத்தை, பக்கங்களின் பழைய பிரதிகளைக் காக்கும் வேபேக் மெஷின் தளத்திலும் சேமித்தால், மூலம் இருந்ததற்கு உங்களுக்கு வெளியே ஒரு சாட்சி கிடைக்கும்.

அதிகம் கெடுவது எக்செலில். சீஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) இரட்டைச் சொடுக்கில் திறந்தால் ‘6-11’ என்ற தரப் பிரிவு திகதியாகிவிடும், முன்னால் நிற்கும் பூச்சியங்கள் போய்விடும். எக்செலின் தரவு இறக்குமதி வழியாக, அந்த நிரல்களை எழுத்து வகை என்று குறித்துத் திறவுங்கள். சேமிக்கும்போது, தமிழ் எழுத்துச் சிதையாமல் இருக்க யூரிஎப்-8 குறியாக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வைக்கும் பழைய பாமினி எழுத்துருவில் வந்த பீடிஎப் இன்னொரு தொல்லை. முழுத்தாளையும் யுனிகோடுக்கு மாற்றினால் ஏ, பி, சி, எஸ் என்ற பெறுபேறுகள் யு, டீ, ஊ, ளு என்று தமிழாகிவிடும். பாடசாலைப் பெயர் நிரலை மட்டும் மாற்றுங்கள். பிறகு ஒவ்வொரு வரியின் கூட்டுத்தொகையையும் மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

இனிப் பிள்ளைகள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறுவர் பற்றிய தரவை விசேட வகையில் வைத்திருக்கிறது. பெயரை அழித்துச் சுட்டெண்ணை விட்டால் பயனில்லை. சுட்டெண் தெரிந்தால் பெறுபேற்றை இணையத்தில் யாரும் பார்க்கலாம். சுட்டெண்ணைக் கைரேகையாக மாற்றினாலும் அப்படித்தான். இருக்கக்கூடிய எண்கள் அனைத்தையும் ஒரு மடிகணனி சில நிமிடங்களில் மாற்றிப் பொருத்திவிடும். இரண்டையும் அடியோடு நீக்குங்கள்.

அப்போதும் சிறிய பாடசாலைகள் காட்டிக்கொடுக்கும். தீவகத்தில் ஒரு பாடசாலையில் 7 பேர் கணிதம் எழுதி 2 பேர் தவறினால், அந்த இருவர் யார் என்று ஊருக்கே தெரியும். 5க்குக் குறைந்த எண்ணை மறைப்பது வழக்கம். ஆனால் தோற்றியவர் 7, சித்தி 5 என்று பக்கத்தில் நின்றால் மறைத்ததைக் கழித்தே எடுத்துவிடலாம். கோட்ட மட்டத்தில் கூட்டுங்கள், அல்லது மூன்று வருடங்களைச் சேர்த்துக் கொடுங்கள். 7 பேரில் ஒரு பிள்ளையின் பெறுபேறு மாறினாலே சதவீதம் 14 புள்ளி ஏறும், இறங்கும். பாடசாலைகளைத் தரவரிசையாகப் போடுவதை நான் முற்றாக எதிர்ப்பது இதனால்தான். அடிபடுவது எப்போதும் சின்னப் பாடசாலைதான், அதுவும் தற்செயலால்.

விடுபட்ட வருடங்களை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வலயக் கல்விப் பணிமனையிலேயே கேளுங்கள். தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். ‘பெறுபேறுகள் தேவை’ என்று பொதுவாக எழுதினால் ஒற்றைச் சதவீதத்தோடு பதில் முடிந்துவிடும். ஆண்டு, கோட்டம், பாடம், தோற்றியோர், ஒவ்வொரு சித்தி நிலையிலும் எத்தனை பேர் என்று நிரல் நிரலாகக் கேட்டு, எக்செல் கோப்பாக வேண்டும் என்றும் எழுதுங்கள்.

பிரதி மூன்று வேண்டும்: மடிகணனியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, யாழ்ப்பாணத்துக்கு வெளியே ஒன்று. பென்டிரைவை நெடுநாள் சேமிப்புக்கு நம்பவேண்டாம். கூட்டல் சரிபார்த்து முடிந்ததும் பெயருள்ள கோப்பை எல்லா இடத்திலும் அழியுங்கள், வட்சப் குழுக்களில் அனுப்பியிருந்தால் அங்கேயும். வெளியிட்ட பின் யாராவது பிழை காட்டினால் பழைய கோப்பின்மேல் எழுதாமல், பதிப்பு 2 என்று புதிதாக வைத்து, எந்த வரி ஏன் மாறியது என்பதைக் குறிப்புத் தாளில் சேருங்கள்.